வானத்தில் ஒரு மணி. தரையில் ஐந்து மணி!

அனுப்பம்பட்டிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

பழவேற்காடு ஏரிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், "அது கடல் தாண்டிய ஊர் ஆயிற்றே!" என்பார்கள். கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோ மீட்டர்தான். அதாவது 220 மைல். சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்டம்!

இந்தத் தடத்தில் பறக்கவிட்டது ஏ.டி.ஆர். என்னும் சிறிய விசிறி விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர். அப்படியானால் 43 நிமிடத்தில் போய்விட வேண்டுமே? போகாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். மேலே ஏற வேண்டும். வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். அதனால் ஒரு மணிக்கு மேல் ஆகிறது.

தரையில் போகும் நேரம்

அனுப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் வர ஏறக்குறைய ஒரு மணி. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் விமான நிலையம் வர முக்கால் மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணிக்கு முன்பே வந்து, பாஸ்போர்ட்டையும் மூட்டைகளையும் காட்ட வேண்டும். ஆக, தரையில் ஐந்து மணி. வானத்தில் ஒரு மணி! டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் நம்பிப் புறப்படுகிறவர் விமானத்தைத் தவறவிடுவார். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்.

வழி அடைபட்டால்?

1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பிறகு இலங்கையில் போர் மூண்டது. பலாலி ராணுவத் தளமாயிற்று. பல்லாண்டுகள் சென்னையிலிருந்து பயணிகள் விமானம் அங்கே போகவில்லை.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குப் போக விரும்பியவர் என்ன செய்தார்? 640 கிலோ மீட்டர் பறந்து கொழும்புக்குப் போனார். பிறகு சுமார் 400 கிலோ மீட்டர் தரை வழியாக வடக்கே திரும்பி வந்தார். 355 கிலோ மீட்டர், ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! தாயின் முகம் பார்க்க, தங்கையின் கல்யாணத்துக்குப் போக, இத்தனை சுற்று.

2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் விமானம் பறந்தது. 2020-ல் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

ஊர்கள் இடம் மாறவில்லை. கடலும் அகலவில்லை. வழி திறந்தபோது ஒரு மணி. மூடியபோது ஒரு நாள். தூரத்தை அளப்பது மைல் கல் அல்ல, திறந்த கதவு!

இரு நாட்டு அரசுகளும் இதை மனத்தில் வைக்க வேண்டும். லாபம் குறைந்த மாதத்திலும் இந்த வழி நிற்கக் கூடாது. பிரிந்த குடும்பங்களைச் சேர்க்கும் பாலம் இது. பாலத்தை நாளுக்கு நாள் திறந்து மூடலாமா?