பட்டை வாங்கப் போன ஊரில்

"இந்த இடம் என்ன விலைக்கு வரும்?" என்று கேட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் இரண்டாம் நாள் என் வாயில் வந்துவிடுகிற கேள்வி. முப்பத்தைந்து வருஷமாக விருதுநகரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். காலி இடத்தைப் பார்த்தால் எனக்கு குடோன்தான் தெரியும்.

நின்றது இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவின் தானா டாத்தார் மாவட்டத்தில். மராப்பி எரிமலையின் அடிவாரத்தில் நூறு வீடு தேறாத ஒரு விவசாய ஊர். மேலே பட்டை மரம், கீழே படிப்படியாக நெல் வயல். நாம் பிரியாணிக்குத் தாளிக்கிற பட்டையில் பெரும்பகுதி இலங்கைப் பட்டை அல்ல, கசியா. அது வரும் இடங்களில் இதுவும் ஒன்று. தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் பட்டை காயப்போடும் களம். அதை ஒட்டிப் பத்து சென்ட் சும்மா கிடந்தது. ஒரு கொட்டகை போட்டால் மழையில் சரக்கு பூஞ்சணம் பிடிக்காது.

வீட்டுக்கார அம்மாளை ஊரே உனி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மாமக்கிடம் கேட்க வேண்டும்" என்றார். மாமக் என்றால் தாய்மாமன். காதில் 'மாமா' என்று விழுந்ததும் காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மாமக் எழுபதைத் தாண்டியவர். அந்த வம்சத்தின் டத்துக் என்கிற தலைவர் பட்டம் அவருடையது. பாடாங்கிலிருந்து கூட வந்த ஏற்றுமதிக் கம்பெனிப் பையன் மொழிபெயர்க்க, பெரியவர் சொன்னார்: "அது என்னுடையது இல்லையே. இவர்களுடையது." இவர்கள் என்றால்? உனி, இரண்டு தங்கைகள், பெரியம்மா மகள்கள், ஜகார்த்தாவில் கடை வைத்திருக்கும் ஒருத்தி, பெக்கான்பாருவில் ஒருத்தி, அவர்களுக்கெல்லாம் இனிமேல் பிறக்கப்போகிற பேத்திகள். "பிறக்காதவளிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது?" என்றேன், விளையாட்டாக. அவர் சிரிக்கவில்லை. "அதனால்தான் விற்பதில்லை" என்றார்.

வெளிநாட்டுக்காரன் இந்தோனேசியாவில் முழு உரிமையோடு நிலம் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம் அந்த உரிமையைத் தன் குடிமக்களுக்கே வைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நல்ல கணக்கு அல்ல, ஆனால் ஊர் உலகம் போடுகிற கணக்கு. அது சட்டம் வரைக்கும் போகவே இல்லை, அடுப்படியிலேயே கவிழ்ந்துவிட்டது.

இந்தப் பகுதியின் மினாங்கபாவ் மக்களிடம் பூர்வீக நிலம் தாய் வழியில் இறங்குகிறது. பூசாக்கோ திங்கி என்கிறார்கள், 'மேலான முதுசொம்' என்று வைத்துக்கொள்ளலாம். வயலும் பெரிய வீடும் அம்மாவிடமிருந்து மகளுக்கு. மகன் உழலாம், தாய்மாமனாக இருந்து நிர்வாகம் பார்க்கலாம், ஊர்க்கூட்டத்தில் பேசலாம். தன் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. அவன் பிள்ளைக்கு அதன் அம்மா வீட்டு நிலம் இருக்கிறது. தானே சம்பாதித்த சொத்து வேறு கணக்கு: அதை இஸ்லாமிய முறைப்படி பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம் என்று 1952-இல் புக்கித்திங்கியில் கூடிய பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உலகத்தின் மிகப்பெரிய தாய்வழிச் சமூகம் இது, ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். மெக்காவில் இமாமாக இருந்த இந்த மண்ணின் அறிஞர் அகமது கத்தீபே இந்தத் தாய்வழி முறை மார்க்கத்துக்கு விரோதம் என்று எழுதினார். எழுதி நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உனியின் வயல் உனியிடமே இருக்கிறது.

முதலில் எனக்கு இது சுத்த அசட்டுத்தனமாகத்தான் பட்டது. விற்க முடியாத சொத்து என்ன சொத்து? பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ 2000-இல் வெளியிட்ட புத்தகத்தில், பத்திரமில்லாத ஏழைகளின் சொத்தை 'செத்த முதல்' என்றார். பத்திரம் இருந்தால் அடகு வைக்கலாம், கடன் வாங்கலாம், தொழில் தொடங்கலாம் என்பது வாதம். படித்தவர்கள் பலர் இன்றைக்கும் இதையே சொல்கிறார்கள். வியாபாரி என்கிற முறையில் நானும் தலையாட்டியவன்தான். அந்த ஊரில் ஒன்பது நாள் இருந்தபிறகு அவ்வளவு வேகமாகத் தலை ஆடவில்லை.

போன வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது ரோட்டில் கேட்ட பேச்சுதான். 2024 ஜூன் மாதம். அதற்கு முந்தைய மே 11 இரவு மராப்பியின் சாம்பலும் பாறையும் மழை வெள்ளத்தோடு இறங்கி, அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, லெம்பா அனாய் பள்ளத்தாக்கில் பாடாங்–புக்கித்திங்கி நெடுஞ்சாலையையே அரித்துக்கொண்டு போயிருந்தது. அதனால் சோலோக் வழியாகச் சுற்று. அங்கே 'ட்ராவல்' என்றால் பிரயாணம் அல்ல. வாசலில் வந்து ஏற்றிப் போகும் பங்கு வேன். அந்த வேனில் சித்தின்ஜாவ் லாவுக் கொண்டை ஊசி வளைவு ஏறினோம். லாரிகள் எதிரும் புதிருமாக முனகிக்கொண்டு நிற்க, வளைவில் நின்ற உள்ளூர் ஆட்கள் கையைக் காட்டி ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார்கள். டிரைவர்கள் ஜன்னல் வழியாக ருப்பியா நோட்டை நீட்டினார்கள். எந்த அரசாங்கமும் நியமிக்காத போக்குவரத்துக் காவல்!

வேனில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் வெளியூரில் பிழைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். ஒருவர் பாத்தாம் என்கிற தீவில் துணிக்கடை, ஒருவர் பாண்டுங்கில் சாப்பாட்டுக் கடை. மினாங் ஆண் வயதுக்கு வந்தால் வெளியேற வேண்டும் என்பது எழுதாத சட்டம்; 'மெராந்தாவ்' என்கிறார்கள். பழைய நாளில் பெரிய வீட்டில் வயதுப் பையனுக்குப் படுக்க அறையே கிடையாது. அறையெல்லாம் பெண்களுக்கு, பையன் ஊர்ச் சுராவ் என்கிற தொழுகைக் கூடத்தில் படுத்து, ஓதிப் படித்து, சண்டைக்கலை பழகி, ஒருநாள் மூட்டையைக் கட்டுவான். கல்யாணம் கட்டிக்கொண்டால் மனைவி வீட்டில் மரியாதைக்குரிய விருந்தாளி. அங்கும் சொந்த நிலம் இல்லை.

பாவப்பட்ட ஆண் என்று நான் உச்சுக்கொட்டியபோது பாண்டுங் கடைக்காரர் மறுத்தார். "மூன்று முறை கடை போட்டு மூன்று முறையும் நஷ்டம். ஒவ்வொரு முறையும் அம்மா வீட்டுக்கு வந்தேன். சோறு இருந்தது. வயல் அங்கேயே இருந்தது. நான் அதை அடகு வைத்திருக்க முடியாது, அதனால்தான் இருந்தது."

இதை நான் வேனில் கேட்டதோடு விடவில்லை, ராத்திரி படுத்துக்கொண்டும் யோசித்தேன். சுமத்ரா முழுக்க, ஜாவா முழுக்க, மலேசியா வரைக்கும் மினாங்காரர்களின் பாடாங் சாப்பாட்டுக் கடைகள். முழங்கையில் அடுக்கடுக்காகத் தட்டுகளை ஏந்திவந்து மேசையை நிறைத்து, தொட்டதுக்கு மட்டும் காசு வாங்குகிற கடைகள். அவற்றில் பலவற்றில் சமையல்காரருக்கும் பரிமாறுகிறவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. 'மாத்தோ' என்று புள்ளிக் கணக்கு வைத்து லாபத்தில் பங்கு. சம்பளமில்லாமல் பங்குக்கு வேலை செய்யத் துணிகிறவன் யார்? பின்னால் ஒரு வயல் இருக்கிறவன். இந்தோனேசிய விடுதலைத் தலைவர்கள் முகமது ஹட்டாவும் டான் மலாக்காவும் சுத்தான் ஷாரிரும், எழுத்தாளர் ஹம்காவும் இந்தச் சின்ன மேட்டு நிலத்திலிருந்து கிளம்பினவர்கள். டி சோட்டோ செத்துக் கிடக்கிறது என்று சொல்லும் முதலின் மேல்தான் இவர்கள் நடந்து போயிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அடகு வைத்துத் துணிகிறவன் ஒருமுறை துணியலாம். அடகு வைக்க முடியாதவன் நாலு முறை துணியலாம்.

கொஞ்சம் வீட்டுக் கதை. அப்பா விட்டுப்போன மானாவாரிக் காட்டை நாங்கள் நான்கு அண்ணன் தம்பிகள் பங்கு போட்டோம். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அக்காவை வரச்சொல்லி, பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு அந்தக் காட்டில் பெட்ரோல் பங்க் நிற்கிறது. எங்களில் யாருடையதும் அல்ல. இதை உனியிடம் சொன்னபோது பையன் எப்படி மொழிபெயர்த்தானோ தெரியாது, அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்படியானால் உங்கள் அக்கா எங்கே திரும்பி வருவார்?"

அங்கே எல்லாம் பால்பழம் என்று சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு வங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம். நிலத்தை ஒத்திக்கு விடலாம். அதற்கும் பழைய வழக்கம் நாலு காரணங்களை மட்டும்தான் ஒத்துக்கொண்டது. வீட்டில் பிணம் கிடந்து அடக்கக் காசில்லாமல் இருக்க வேண்டும், வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும், பெரிய வீட்டின் கூரை ஒழுக வேண்டும், அல்லது காலியாகக் கிடக்கும் டத்துக் பட்டத்தை ஒருவருக்குக் கட்ட வேண்டும். இன்று கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரி என்று ஒத்தி எங்கெங்கோ போய்விட்டது. ஏழு வருஷம் ஒத்தியில் இருந்த விளைநிலத்தைப் பணம் வாங்காமல் திருப்பித் தரவேண்டும் என்று 1960-லேயே சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் அதை யாரும் சட்டை செய்வதில்லை. பாட்டி காலத்து ஒத்தி பேத்தி காலத்திலும் தங்க எடைக் கணக்கில் நிற்கிறது. தாய்மாமனே கள்ளத்தனமாக விற்றுவிட்டு வழக்கு நடப்பதும் உண்டு. ஆண்கள் எல்லாம் வெளியூரில் இருக்க, உனியின் இரண்டு வயல்களைப் பக்கத்து ஊர்க்காரர் பாதிவாரத்துக்கு உழுகிறார். மூன்றாவதில் புல் முளைத்திருக்கிறது. சொத்து பெண்ணுடையது, பேச்சு மாமனுடையது என்பதும் எனக்கு உறுத்தியது. அந்த ஒன்பது நாளில் ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசி நான் பார்க்கவில்லை.

அரசாங்கம் 2017 முதல் நாடு முழுக்க நிலத்தை வரிசையாக அளந்து பட்டா கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. வேண்டிய வேலைதான், அளக்காத நிலத்தில் கம்பெனிக்காரன் சுலபமாக நுழைவான். ஆனால் பட்டா யார் பெயரில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வம்சத்தின் பெயரில் ஏறினால் வயல் தப்பிக்கும். ஆத்திர அவசரத்துக்கு ஒரு தனி ஆள் பெயரில் ஏறினால், மூன்றாவது கையில் அது எங்கள் மானாவாரிக் காடுதான். எங்கள் ஊரில் மகமை என்கிற பொதுச் சொத்தை எவனாவது தன் பெயருக்கு மாற்றினால் விடுவோமா? கடனுக்கு வழி வேண்டும் என்றால் குத்தகைக்கும் விளைச்சலுக்கும் கடன் கொடுக்கிற வழியை வங்கி கண்டுபிடிக்கட்டும். நிலத்தை வங்கிக்கு ஏற்ற மாதிரி வெட்டச் சொல்வது, செருப்புக்குத் தகுந்தபடி காலைச் செதுக்குகிற வேலை.

நிலத்தைத் தொடாமல் விளைச்சலைக் காசாக்குவது அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. ஐந்தாம் நாள் உனி ஒரு பட்டை மரத்தை வெட்டச் சொன்னார். தம்பி மகனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும். மரத்துக்குப் பன்னிரண்டு வயது. அவர்களுக்கு அது மரமல்ல, சேமிப்புக் கணக்கு. வேண்டும்போது வெட்டலாம், வேண்டாதபோது வளர்ந்துகொண்டே இருக்கும், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு நீளநீளமாக உரித்தார்கள். உரித்த பட்டை ஈரத்தோடு வெளிறி, ஓலை மாதிரித் தட்டையாக இருந்தது, வாசனைகூட லேசுதான். களத்தில் வெயிலில் போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஓரங்கள் உள்ளே மடங்க ஆரம்பித்திருந்தன. மறுநாள் சாயங்காலம் செம்பழுப்பாக, குழலாகச் சுருண்டு, கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம். வாழ்நாள் முழுக்கப் பட்டை விற்றவன், பட்டை சுருளுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உனி தேங்காய்ச் சிரட்டையில் காவா கொடுத்தார், காப்பி இலையை வாட்டிக் கொதிக்க வைத்த தண்ணீர். டச்சுக்காரன் 1847-லிருந்து கட்டாயக் காப்பி போடவைத்துக் கொட்டையை எடுத்துக்கொண்டுபோக, இவர்களுக்கு மிஞ்சியது இலை. இன்றைக்கு அதற்கென்றே 'காடை' வைத்து விற்கிறார்கள். ஆம், நம் 'கடை'தான்; எப்போதோ கப்பலேறிப் போன சொல்.

காவாவைக் குடித்துக்கொண்டே பெரியவர்தான் என் கொட்டகைப் பேச்சை மறுபடி எடுத்தார். அவர்கள் வழக்கத்தில் மண் வேறு, மண்ணின்மேல் நிற்பது வேறு. நிலத்தை விற்க முடியாது. நட்ட மரம் நட்டவனுடையது, கட்டின வீட்டை மண்ணில்லாமல் தனியே விற்கலாம். பலகையில் கொட்டகை போடுங்கள், சிமெண்ட் தளம் வேண்டாம். போகும்போது பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாம். களத்துக்கு வருஷத்துக்கு இத்தனை என்று உனியின் வம்சத்துக்குக் கொடுங்கள். பத்திரம்? ஊரில் நாலு பேர் பார்க்கச் சொன்னது போதாதா என்று கேட்டார்.

எனக்குப் போதவில்லை. ஒரு தாளில் எழுதி, பெரியவரும் உனியும் இரண்டு தங்கைகளும் கையெழுத்துப் போட, ஜகார்த்தாக்காரி போனில் சரி சொல்ல, கம்பெனிப் பையன் சாட்சி. முன்பணத்தில் அவர்களே கட்டிக்கொண்டார்கள். போன மாதம் உனியின் பேத்தி படம் அனுப்பியிருந்தாள். பலகைக் கொட்டகை, உள்ளே தலைவரைக்கும் பட்டைக் கட்டு, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். தூண்களைக் கல்லின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றைக்கூட மண்ணில் ஊன்றவில்லை.