பொன்னாடை போதும், கேள்வி கேளுங்கள்

நூலகத்துக்கு ஓர் எழுத்தாளர் வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று போட்டிருக்கும். ஆறுக்குத்தான் தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை என்று நாலு பேர், வாழ்த்துரை என்று ஆறு பேர். வாழ்த்த வந்தவர்களில் இரண்டு பேராவது சொந்தக் கவிதை வாசிப்பார்கள். எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறவர்கள் வாசல் பக்கம் நகர்ந்திருப்பார்கள். அவரும் பாவம், தன் முன்னுரைகளில் எழுதியதையே சுருக்கிச் சொல்லிவிட்டு உட்காருவார். பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம், நன்றியுரை. கலந்துரையாடல் என்று அழைப்பிதழில் அச்சடித்தது நேரமின்மை காரணமாக ரத்து.

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஜமுக்காளம் விரித்திருக்கிறேன், பொன்னாடை வாங்கிய ரசீதை வவுச்சரில் ஒட்டியிருக்கிறேன். கூட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாசகர் வட்டங்கள் மட்டும் இல்லையென்றால் பல கிளை நூலகங்கள் பேப்பர் படிக்கிற திண்ணையாகவே நின்றுபோயிருக்கும். என் குறை வேறு. வந்தவரைப் பேசவிட்டு அனுப்பிவிடுகிறோம். அவரிடமிருந்து எதையும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. அவர் புத்தகங்களைப் படித்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, மூன்று மணி நேரம் கேள்வி கேட்டு, அதைப் பதிவு செய்து, நூலுக்குப் போடுவதைப் போல எண் போட்டு அலமாரியில் ஏற்றவேண்டும். இதை நூலகத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாகவே சேர்க்கவேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1943இலேயே இந்தப் பாதையில் இறங்கிவிட்டது. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழி எழுத்தாளர்கள் வாஷிங்டனுக்கு வந்தால் நூலகத்துக்கு அழைத்துப்போய் அவர்கள் எழுத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். வர முடியாதவர்களின் குரலைப் பிடிக்க நூலகத்தார் லத்தீன் அமெரிக்காவுக்கே போனார்கள். கேப்ரியேலா மிஸ்ட்ரல், போர்ஹெஸ் குரல்களெல்லாம் அங்கே இருக்கின்றன. நெரூதாவைப் பதிவு செய்தது 1966இல். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1971இல். கார்சியா மார்க்கேஸைப் பதிவு செய்தது 1977இல், நோபல் 1982இல். பரிசு வந்தபிறகே பொன்னாடையோடு ஓடுகிற பழக்கம் அந்த நூலகத்துக்கு இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அதே நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 2000ஆம் ஆண்டில் தெற்காசிய எழுத்தாளர்களையும் பதிவு செய்யத் தொடங்கியது. தமிழும் அதில் உண்டு. தமிழ் எழுத்தாளர் தன் எழுத்தைத் தானே வாசிக்கும் குரலை வாஷிங்டன் நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி.

வாசிக்கவைப்பது ஒரு படி. கேள்வி கேட்பது அடுத்த படி. அதற்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கியது. இப்போது அது தேசிய ஆவணக்காப்பகத்தோடு சேர்ந்து தேசிய நூலக வாரியத்தின் கீழ் இருக்கிறது. 5,000க்கும் மேற்பட்டவர்களின் நேர்காணல்கள். அமைச்சர்களும் கலைஞர்களும் உண்டு, கூலி வேலை செய்தவர்களும் உண்டு, தமிழில் பேசியவர்களும் உண்டு. நேர்காணலை ரீல் ரீலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன பேசப்படுகிறது என்று சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர் ஆறு மணி நேரத்தையும் கேட்கவேண்டியதில்லை. தனக்கு வேண்டிய இடத்துக்கு நேரே போய்விடலாம். எனக்குப் பொறாமை அந்தச் சுருக்கத்தின் மேல்தான். பதிவு யாரும் செய்யலாம். பட்டியல் போடுவதுதான் நூலகர் வேலை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அநியாயம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் 'பொன்மாலைப் பொழுது' நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் பேசுகிறார்கள், யூடியூபில் கேட்கலாம். பொது நூலக இயக்ககம் 2022இல் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழாவைத் தொடங்கியது. வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றுக்கொரு விழாவாக அது நீண்டது. நல்ல காரியங்கள். ஆனாலும் பெரும்பாலும் மேடைப் பேச்சு. மேடையில் மனிதன் தன்னைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டுதான் பேசுவான். பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்தப் புத்தகத்தை உங்களுக்கு முதலில் யார் கொடுத்தது?', 'அந்தக் கதையை ஏன் எட்டு வருஷம் அச்சுக்குக் கொடுக்கவில்லை?' என்று கேட்டால்தான் மற்றது வெளியே வரும்.

தமிழுக்கு இந்தக் கலை புதிது இல்லை. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த சுபமங்களா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாதந்தோறும் நீண்ட நேர்காணல்களை வெளியிட்டது. அந்தப் பக்கங்களுக்காகவே இதழை இரவல் கேட்டு வந்த வாசகர்களை எனக்குத் தெரியும். ஆனால் பத்திரிகைக்குப் பக்கக் கணக்கு உண்டு, அடுத்த இதழ் உண்டு. நூலகத்துக்கு இரண்டும் இல்லை. சுவாரசியம் குறைந்த கேள்வியைக்கூட நிதானமாகக் கேட்கலாம். முப்பது வருஷம் கழித்து வருகிற ஒருவருக்கு அதுதான் தேவையாக இருக்கும்.

எங்கள் கரிசல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன். கோவில்பட்டியைச் சுற்றிய வட்டாரத்திலிருந்து சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள் நாலு பேர். அதில் முதல் இருவரும் இடைசெவல் என்ற ஒரே கிராமம். அழகிரிசாமி 1970இல் நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். கி.ரா. 2021 வரை இருந்தார். கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டவர் அவர். சம்சாரியிடமும் ஆட்டுக்காரரிடமும் ஆசாரியிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொற்கள் அவை. கேள்வி கேட்பது எப்படி என்று படிக்க விரும்பும் நூலகர் அவரிடமிருந்து தொடங்கலாம்.

ஆனால் விருது வாங்கியவர்களோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கிணறுதான். ஊர்க்காரர்களைக் கேட்கவேண்டும். அதற்கு எனக்கு ஓர் அனுபவம் உண்டு.

எங்கள் நூலகத்துக்குத் தினமும் கதவு திறக்கும் நேரத்துக்கு ஒரு பெரியவர் வருவார். அந்தக் காலத்து அச்சகத்தில் ஈய எழுத்து கோத்த கம்பாசிட்டர். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் படிக்கும் பேப்பரை இவர் தலைகீழாகவே சரளமாகப் படித்துவிடுவார். அதில் இரண்டு சண்டைகூட நடந்திருக்கிறது. வாசகர் வட்ட நண்பர் ஒருவரும் நானும் ஒருநாள் மதியம் அவரைப் பழைய இதழ்கள் கட்டி வைத்திருக்கும் பின்னறையில் உட்காரவைத்தோம். மின்விசிறிச் சத்தம் பதிவில் விழும் என்று நிறுத்திவிட்டோம். வேர்த்துக் கொட்டியது. செல்போனை ஒரு நிகண்டின் மேல் சாய்த்து வைத்துக் கேள்விகளைத் தொடங்கினோம்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அச்சகத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருந்த பழைய லை, னை, ணை எல்லாம் ஒரே உத்தரவில் செல்லாக் காசாகிவிட்டனவே, அந்த ஈய எழுத்துகள் எங்கே போயின?

"எடைக்குத்தான் போச்சு சார்" என்றார். "ஆனா மொதலாளி ஒரு கேஸ் மட்டும் பரண்ல வச்சிருந்தாரு. கல்யாணப் பத்திரிகைக்கு வாரவங்கள்ல பெரியாளுக எல்லாம் பழைய எழுத்துதான் வேணும்பாக. புதுசு கண்ணுக்கு மூளியா இருக்குன்னுவாக."

பிறகு ஒரு பேப்பர் ஓரத்தில், எழுத்துகளைப் பிரித்துப் போடும் பெட்டியான தமிழ் கேஸின் அமைப்பை நினைவிலிருந்து கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார். எந்த எழுத்து கைக்குப் பக்கத்தில், எது மூலையில், ஏன். மொழியில் எந்த எழுத்து அதிகம் புழங்குகிறது என்பதை அவர் விரல்கள் கற்று வைத்திருந்தன. ஊர்ப் புலவர் ஒருவர் கொடுத்த வெண்பாவில் சீர் குறைவதைக் கோக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லித் திட்டு வாங்கியதைச் சொன்னார். எமர்ஜென்சியின்போது ஒரு நோட்டீஸை ராத்திரியில் கோத்து, அடித்து, விடிவதற்குள் எழுத்துகளையெல்லாம் பிரித்துக் கேஸில் போட்டுவிட்டதையும் சொன்னார். பிரித்துப் போட்டபிறகு எந்தப் போலீஸ்காரர் வந்து என்ன கண்டுபிடிக்க முடியும்? அது எந்த எழுத்து, எந்த வரியில் நின்றது என்று ஈயம் சொல்லுமா?

"அது யாரு கொடுத்த நோட்டீஸ் அண்ணாச்சி?"

"அத இப்பம் சொல்லலாமா? ஆளு போய்ச் சேந்தாச்சு. மவன் இருக்கான்லா."

ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு எங்களிடம் பெயரைச் சொன்னார். நான் இங்கே எழுதப்போவதில்லை. இதற்கும் சிங்கப்பூரில் வழி இருக்கிறது: அனுமதி பெற்றால்தான் கேட்கமுடியும் என்ற நிபந்தனையோடு சில நேர்காணல்கள் இருக்கின்றன. ஒரு பக்க ஒப்புதல் படிவம் இருந்தால், இத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று அதில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பெயரும் வரலாற்றுக்கு மிஞ்சியிருக்கும்.

பதிவை என்ன செய்வது என்று மேலே கேட்டோம். 'இது நூலா, பருவ இதழா? விலை என்ன? விலை இல்லாததை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினால் தணிக்கையில் கேள்வி வரும்' என்று பதில் வந்தது. கேட்டவர் கெட்டவர் இல்லை. பதிவேட்டில் அப்படி ஒரு பத்தி இல்லை, அவ்வளவுதான். பென் டிரைவ் மேசை இழுப்பறையில் கிடந்தது. எண் இல்லாத பொருள் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வராது. பட்டியலில் வராததற்கு அடுத்து வருகிறவர் பொறுப்பில்லை. பெரியவர் இப்போது இல்லை. என் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது. ஓய்வு பெற்றவன் வீட்டுப் பீரோவில் இருப்பதை யார் வந்து இரவல் கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்று. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியது. இந்திய நூலக வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி; சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். எனக்கு அந்த வண்டியை ஓட்டியவரைத் தெரிந்துகொள்ள ஆசை. எந்த ஊரில் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள், எந்த ஊரில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மழையில் புத்தகத்தை எதை வைத்து மூடினார்கள்? அவரிடம் கேட்டுப் பதிந்ததாக எதையும் நான் பார்த்ததில்லை.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஆள்தான் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பேப்பர் கோத்து, புத்தகம் கொடுத்து வாங்கவேண்டும். தமிழ்நாட்டிலுள்ள 4,600க்கும் மேற்பட்ட நூலகங்களும் நாளையே நேர்காணலில் இறங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாவட்ட மைய நூலகங்களில் தொடங்கட்டும். மாதம் ஒருவர் போதும். கேள்வி தயாரிக்க வாசகர் வட்டத்தில் ஆள் இருக்கிறார்கள்; பேச்சை எழுத்தாக்க உள்ளூர்க் கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்கள் இருக்கிறார்கள். சட்டைக் காலரில் மாட்டும் மைக், இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒப்புதல் படிவம். பத்துப் பொன்னாடைச் செலவைவிடக் கொஞ்சம் கூட ஆகும். இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், தன்னார்வலர்களின் உழைப்பை நம்பியே ஈழத்து நூல்களை மின்னாக்கம் செய்ததோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறது. அவர்களுக்குப் பின்னால் நூலக வரி இல்லை. நமக்கு இருக்கிறது: 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் தந்த உரிமை அது, இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா.

யூடியூபில்தான் எல்லாரும் பேட்டி எடுக்கிறார்களே என்பது அடுத்த வாதம். எடுக்கிறார்கள். சேனல் நடத்துகிறவருக்குச் சலிப்புத் தட்டினால் அத்தனையும் ஒருநாள் காணாமல் போகும். தலைப்பில் 'கதறி அழுத' என்று போட்டிருக்கும், உள்ளே அவர் தும்மியிருப்பார். அதை நம்பி எந்த ஆராய்ச்சியாளரும் அடிக்குறிப்பு எழுத முடியாது.

ஆகவே பொது நூலக இயக்ககத்துக்கு ஒரு விண்ணப்பம். இருப்புப் பதிவேட்டில் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கு ஒரு பகுதி திறந்து ஆணை வெளியிடுங்கள். விலை என்ற இடத்தில் 'நன்கொடை' என்று எழுத அனுமதியுங்கள். மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நேர்காணலுக்கு என்று ஒரு தலைப்புச் சேருங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் ஊர் நூலகத்தில் அடுத்த கூட்டம் நடக்கும்போது நன்றியுரைக்கு முன்பாக எழுந்து, இவரை எந்தத் தேதியில் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லும்வரை உட்காராதீர்கள்.