ஆண்டுச் சராசரி சொல்லாத கடல்மட்டம்

கடல்மட்ட உயர்வு என்றதும் உலகச் சராசரியைத்தான் மேற்கோள் காட்டுகிறோம்: செயற்கைக்கோள் அளவீட்டின்படி 1993 முதல் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேல். ஆனால், சென்னையின் வடிகால்களைத் திட்டமிட இந்த ஓர் எண் போதாது. துறைமுகத்தில் கடலின் ஏற்றவற்றத்தை அளக்கும் ஓதமானியின் பதிவுகளையும் புரட்டியாக வேண்டும்.

பழைய ஓதமானி எளிமையான கருவி. துறைமுகச் சுவரையொட்டி நிறுத்திய குழாய்; அதன் அடியில் சிறு துளை. அலைகளின் துள்ளல் அந்தத் துளையிலேயே அடங்கிவிட, உள்ளே மிதவை நிதானமாக ஏறி இறங்கும். சுழலும் உருளையில் சுற்றிய தாளில் பேனா அதை வரைந்துகொண்டே போகும். இன்று ரேடார் கருவிகளும் இந்த வேலையைச் செய்கின்றன.

கருவி எளிது; பதிவைப் படிப்பதுதான் சிக்கல். மும்பையில் 1878 முதல் பதிவுகள் உள்ளன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல் ஒரே நாளில் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீண்டகால உயர்வோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். போதாக்குறைக்கு, நிலவின் சுற்றுப்பாதையால் ஓதத்தின் வீச்சே 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது. பத்து ஆண்டுப் பதிவை வைத்து முடிவுகட்ட முடியாதது இதனால்தான்.

இன்னொரு சிக்கல், கருவி நிற்கும் தரை. நிலம் தாழ்ந்தாலும் கடல் உயர்ந்ததாகவே ஓதமானி காட்டும். ஹூக்ளி ஆற்றங்கரை டயமண்ட் ஹார்பரில் பதிவான உயர்வு மும்பையைவிடப் பல மடங்கு. டெல்டா நிலம் அமிழ்வதும் அதற்கு ஒரு காரணம்.

சென்னையில் ஓத வீச்சு ஏறத்தாழ 1 மீட்டர்தான். இங்கே கவனிக்க வேண்டியது பருவம். கோடைக்கு முன் தாழ்ந்திருக்கும் கடல்மட்டம், கடலோர நீரோட்டத்தாலும் ஆறுகள் கொண்டுவரும் நன்னீராலும் நவம்பர் வாக்கில் உச்சத்தைத் தொடுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். அடையாறும் கூவமும் வெள்ளத்தை வடிக்கத் திணறும் நேரத்தில் கடலும் உயர்ந்து நிற்கிறது. புயல் வந்தால் மட்டம் இன்னும் ஏறும். ஆண்டுச் சராசரியில் இதெல்லாம் கரைந்துபோகிறது.

எனவே, முகத்துவார வடிகால்களை நவம்பர் மாத ஓத உச்சத்தைக் கணக்கிட்டே வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு ஓதமானிக்கு அருகிலும் நிலத்தின் அசைவை அளக்கும் ஜிபிஎஸ் நிலையம் வேண்டும். மணிவாரிப் பதிவுகள் எல்லோர் பார்வைக்கும் வர வேண்டும். சென்னைப் பதிவு 1916இல் தொடங்கியும் இடையிடையே அறுந்திருக்கிறது. கருவி பழுதானால் மாற்றிவிடலாம். அளக்காமல் விட்ட ஆண்டுகளை எந்த நிதி ஒதுக்கீடும் மீட்டுத் தராது.