பக்கத்து வீட்டுப் பூனை

எங்கள் குன்னத்தூரில் காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் போதும், தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரியும் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள்தான். ஒன்றரை ஷிப்ட் முடிந்து திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதுவரை அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாம்பல் நிறப் பூனை ஒட்டிய வயிறோடு படுத்துக் கிடக்கும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம், 'பார்க்க முடியாதவர்கள் எதற்கு வளர்க்க வேண்டும்?' என்று மனசுக்குள் அவளைத் திட்டுவேன்.

ஒரு நாள் கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி மதிலோரம் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். பூனையிடம் நாமாகப் போகக் கூடாது; அதுவாக வர வேண்டும். நாலு நாள் நான் உள்ளே போன பிறகே வந்து குடித்தது. ஐந்தாம் நாள் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், காலில் வந்து உரசியது பாருங்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை! அப்புறமென்ன, வேளைக்கு வேளை பாலும் தயிர் சோறும்தான்.

ஒரே வாரத்தில் பூனைக்கு வயிற்றுப்போக்கு. அவள் வீட்டுத் திண்ணையெல்லாம் அசிங்கம். களைத்து வந்தவள் இரவு பத்து மணிக்கு அதைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க்கா, நீங்க ஏதாச்சும் ஊத்துனீங்களா? நாங்க சோறே போடறதில்லைன்னு நெனச்சுட்டீங்களாக்கும்?"

எனக்கு நாக்கு எழவில்லை.

"என்ற மக கட்டிக் குடுத்துப் போறப்ப, 'அம்மா, இதைப் பாத்துக்க'ன்னு உட்டுட்டுப் போனாளுங்க. வெடியால சோத்தை வெச்சுட்டுத்தானுங்க போறேன். காக்காயும் நாயும் தின்னுட்டுப் போயிருது. நா என்னங்க்கா பண்றது?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"தப்பு என்மேலதான் அம்மிணி" என்றேன். மறுநாள் அவளிடம் சொல்லிவிட்டு, மூடி போட்ட கூடையில் பூனையைக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். அங்கே தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. குட்டிப் பருவம் தாண்டினால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுமாம். சுத்தமான தண்ணீரே போதும். வெறும் தயிர் சோறும் உதவாது. மீன், இறைச்சியிலுள்ள 'டாரின்' என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண் கெடும். இதயமும் பலவீனமாகும் என்று அமெரிக்காவில் 1987ல் கண்டுபிடித்தார்கள். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த மீனை முள் எடுத்துக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். காய்ச்சலென்று நாம் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

குழந்தை உள்ள வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் அப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ளவே கூடாது. அதில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி, வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கும். வேறு யாராவது கையுறை போட்டுத் தினமும் அள்ளிவிட வேண்டும்.

பூனைக்கு வயிறு சரியானதும் தடுப்பூசியும் போட்டாயிற்று. இப்போது அவள் வேன் ஏறுமுன் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அது தின்று முடிக்கும்வரை காக்காய் விரட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் வாங்குவது அவள் பொறுப்பு. சோறு அவளுடையது, காவல் மட்டும்தான் என்னுடையது.

பகலெல்லாம் என் காலடியிலேயே கிடக்கிற பூனை, இரவு வேன் சத்தம் கேட்டதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறது. கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அது அவள் பூனையாயிற்றே!

உங்கள் பக்கத்து வீட்டிலும் வாடிப்போன பூனை இருக்கிறதா சகோதரிகளே? கிண்ணத்தை எடுக்குமுன், அந்த வீட்டுக் கதவை ஒருதரம் தட்டிப் பேசிவிடுங்கள்.