படுதா அசைந்தால் என்ன?

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சூழ்ந்த கிராமங்களில், அம்மன் கோயிற் பொங்கலை ஒட்டி ஸ்பெஷல் நாடகம் நடத்தும் வழக்கம் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அந்நாடகம் நடக்கும் மேடையின் கோலம் அண்மைக் காலமாக மாறிவரும் விதத்தை நோக்குமிடத்து, அம்மகிழ்ச்சியில் பாதி கரைந்துவிடுகிறது. வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சிக்குக் காட்டுப் படுதாவும், ராஜபார்ட் பிரவேசிக்கையில் அரண்மனைப் படுதாவும், பபூன் வந்து ஊர்வம்பு பேசுகையில் தெருப் படுதாவும் விழுந்தெழுந்த இடத்தில், இப்பொழுது சிற்சில ஊர்களில் எல்.இ.டி. திரையைக் கொணர்ந்து நிறுத்துகிறார்கள். அதில் எந்தத் தேசத்து அருவியோ கொட்டுகிறது. எந்தத் தேசத்து மானோ துள்ளுகிறது. வள்ளி வேஷமிட்ட அம்மையார் தொண்டை நோகப் பாடிக்கொண்டிருக்க, ஜனங்களின் கண்கள் அந்த மானையே தொடர்ந்து ஓடுகின்றன. மேடை அலங்காரங்களில் எனக்கு அறவே பிடிக்காதது எது என்று வினவுவோர்க்கு, இதுவே என்று தயங்காமல் விடையிறுப்பேன்.

பழையது என்னும் ஒரே காரணத்தால் படுதாவைப் போற்றுகிறேன் என்று எவரும் எண்ணிவிடலாகாது. படுதாவும் ஒரு காலத்தில் புதுமையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்ஸி நாடகக் கம்பெனிகள் தேசமெங்கும் சுற்றிவந்தபோது, அவர்களுடைய வர்ணப் படுதாக்களைக் கண்டு நம்மவர் பிரமித்தார்கள். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாசாரியாரின் குழு சென்னைக்கு வந்து நடித்ததைப் பார்த்த உற்சாகத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார் என்பது நாடக சரித்திரம் அறிந்தோர் அறிந்த செய்தி. பின்னர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் ஊரூராகச் சென்ற காலத்தில், அவற்றோடு மூங்கிலில் சுருட்டிய படுதாக்களும் மாட்டு வண்டியேறிச் சென்றன.

அப்படுதாக்களைத் தீட்டியவர்கள் யார் என்று நாம் விசாரிப்பதில்லை. சாத்தூரைக் கடந்து தெற்கே சென்றால் வரும் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவின் பெயரைக் காலண்டர்ச் சித்திரங்களின் வாயிலாகச் சிலர் அறிந்திருக்கலாம். 1898இல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் தொழிலோடு ஊர் ஊராகத் திரிந்தே கடைசியில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். சிவகாசி அச்சகங்களிலிருந்து புறப்பட்டு நம் வீட்டுப் பூஜை அறைகளில் வந்தமர்ந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் முருகனும், அவர் கையிலும் அவருடைய சீடர்கள் கையிலும் உருக்கொண்டவர்கள். அத்தெய்வங்களுக்குப் பின்னே தெரியும் தூண்களையும் திரைகளையும் தடாகங்களையும் ஊன்றிப் பார்த்தால், அவை நாடக மேடையின் அரண்மனைப் படுதாவும் நந்தவனப் படுதாவுமே என்பது எளிதிற் புலப்படும். நாடகம் நம் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

படுதாவிடம் நான் காணும் பெருங்குணம் அதன் அடக்கம். இது காடு என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பின் வாய்திறவாமல் நிற்கிறது. காற்றடித்தால் மரமும் மலையும் மடிப்பு விழுந்து அசைகின்றன. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அது துணி என்பது கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். துணி என்று தெரிந்துகொண்டே அதைக் காடாக ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கையில்தான் நாடகம் பிறக்கிறது. எல்.இ.டி. திரையோ அவ்வுடன்படிக்கையைக் கிழித்துவிட்டு, உண்மையான காட்டையே காட்டுவதாகச் சொல்லி, அதன்முன் நிற்கும் மனிதரைப் பொய்யாக்கிவிடுகிறது.

பிரம்மாண்டமே கூடாது என்று விரதம் பூண்டவன் அல்லேன். செங்கோட்டை கிட்டப்பா மோகினியாகத் தோன்றிய கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தைப் பற்றியும், ராமாயணம் முதல் இயேசுநாதர் வரையில் மேடையேற்றிய நவாப் ராஜமாணிக்கத்தின் காட்சி ஜாலங்களைப் பற்றியும் முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது, ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் 'இலங்கேஸ்வர'னுக்கு அமைத்த தந்திரக் காட்சிகளின் புகழும் அவ்வாறே. அவர்களுடைய ஆடம்பரம் நாடகத்தோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கப்பட்ட ஆடம்பரம். இடி எந்தச் சொல்லின்மேல் விழவேண்டும் என்று நடிகருக்கும் தெரியும், இடி முழக்குபவருக்கும் தெரியும். ஸ்பெஷல் நாடகத்திலோ நடிகர்கள் தனித்தனியே வந்து அன்றிரவுதான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. அத்தகைய மேடைக்கு இயந்திர ஆடம்பரத்தைக் கொண்டுவந்தால் அது தன்போக்கில் ஓடும், நாடகம் தன்போக்கில் ஓடும்.

பிடிக்காததைச் சொன்னேன், இனிப் பிடித்தது எது என்ற வினாவிற்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் மார்கழித் திருநாட்களில் நிகழும் அரையர் சேவையே அது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி முதலிய சில திவ்ய தேசங்களில் மட்டுமே இன்று எஞ்சியிருக்கும் இக்கலையில் காட்சி ஜோடனை என்று ஒன்றுமே இல்லை. தலையில் காதுகளை மறைக்கும் மடிப்புகளோடு கூடிய கூம்பு வடிவக் குல்லாய், கழுத்தில் பெருமாளிடமிருந்து பெற்ற மாலை, கையில் தாளம்: இவ்வளவே வேஷம். இசைத்து, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்லும் அரையர், முத்துக்குறி என்னும் பகுதியில் தாயாகவும் மகளாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் தாம் ஒருவரே மாறுகிறார், குல்லாய் மாறுவதில்லை. மாறாத அந்தக் குல்லாயின்கீழ் மூன்று முகங்களைக் கண்ட பிறகு, காட்சிக்கொரு வெல்வெட் அங்கி மாற்றும் நாடகங்கள் எனக்கு அலுப்பூட்டுவது இயல்பே. சேவை என்று வணங்கப்படுவதை நாடகம் என்று எழுதலாமா என்று வைஷ்ணவப் பெரியோர் கடிந்துகொள்ளக்கூடும். நான் வேஷத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அதே ஊரில் ஆண்டாளின் இடக்கரத்துக் கிளியைப் பாருங்கள். மரவள்ளி இலையால் உடலும், மாதுளம்பூவால் அலகும் அமைத்து, நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மறுநாளைக்கு மற்றொரு கிளி. அலங்காரம் என்பது வாங்கிவைத்துக்கொள்ளும் பொருள் என்று கருதும் நாடக ஏற்பாட்டாளர்கள் அக்கிளியைக் கட்டும் கையினருகே சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால் நலமாயிருக்கும். வாடகைக் கடையிலிருந்து வரும் பிளாஸ்டிக் கல் பதித்த கிரீடங்களும், தொலைக்காட்சிப் புராணத் தொடர்களைப் பார்த்துத் தைத்த பளபளப்பு உடைகளும், யார் தலைக்கும் யார் உடம்புக்கும் பொருந்துவன. ஆகையால் ஒருவருக்கும் பொருந்துவதில்லை. 1886இல் சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாத தாஸ், புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டைப் பாடிச் சிறை சென்றவர். கதரை வாழ்விலும் மேடையிலும் ஏற்றவர். 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் முருகவேஷத்தில் மயில்மீது அமர்ந்தபடியே உயிர்நீத்தார். அந்த முருகனை ஜனங்கள் நம்பியதற்குக் கிரீடத்தின் மினுமினுப்பா காரணம்?

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோமாக்ஸ் காலத்தில் நடிகரின் முகம் ஒன்றே தெரிந்தது. இன்றைய மேடையில் முகம் ஒன்றே தெரிவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் மனிதத் தோலின் நிறத்தை நேர்மையாகக் காட்ட வல்லன அல்ல. அவை தாமாகவே சுழன்று நிறமும் மாற்றினால், மயான காண்டத்தில் புலம்பும் சந்திரமதி ஒரு கணம் பச்சையாகவும் மறுகணம் ஊதாவாகவும் அழுகிறாள். 1959இல் கல்கத்தாவில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்திற்கு ஒளியமைத்த தபஸ் சென், நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளரை மூழ்கடிக்கும் காட்சியை, ஒரு துளி நீருமின்றி விளக்குகளைக் கொண்டே உண்டாக்கினார். ஒளி அங்கே கதையின் பாத்திரம். இங்கே கல்யாணப் பந்தலின் தோரணம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என்று விழாக் கமிட்டியார் கேட்பார்கள். வேண்டாம், எல்.இ.டி. திரைக்கு ஓர் இரவு கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கைக் கொண்டு, படுதா எழுதத் தெரிந்த கை இன்னும் எங்கேனும் இருந்தால் தேடிப்பிடித்து ஒரு காட்டுப் படுதாவை எழுதிவாங்கலாம். பிளெக்ஸ் வந்தபின் தூரிகையைக் கீழே வைத்துவிட்ட விளம்பர ஓவியர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். மற்றொரு யோசனையும் உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்காக நெய்யப்படும் பேண்டேஜ் துணி, இழை விட்டு இழை நெய்த மெல்லிய துணி. அத்தகைய துணியை மேடையில் அகலமாகக் கட்டி, முன்பக்கத்திலிருந்து சாய்வாக விளக்கடித்தால் அது சுவர்போல் மறைக்கும். முன்விளக்கை அணைத்துப் பின்னால் விளக்கேற்றினால் சுவர் மறைந்து, பின்னே நிற்பது தெரியும். மேனாட்டு அரங்குகளில் நெடுங்காலமாகக் கையாளும் உபாயம் இது. அதற்கு வேண்டிய துணியை நாம் மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வள்ளி திருமணத்தில் வள்ளியை வெருட்ட விநாயகர் யானையாக வரும் கட்டம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே ஈந்து உண்டாக்கிய காந்தி கலை மன்றத்தார் மனம் வைத்தால், ஸ்பெஷல் நாடக நடிகர்களையும் சத்திரப்பட்டி நெசவாளர்களையும் லைட் போடும் இளைஞர்களையும் ஒன்றுகூட்டி, வரும் பங்குனிக்குள் அந்த ஒரு கட்டத்தையாவது நடத்திப் பார்த்துவிடலாம்.