எரர் வந்தா வாயை அடைக்காதீங்க

ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்டை எடுத்துப் பாருங்க. ஹாஸ்டல் மெஸ் பில், லைப்ரரி மேனேஜ்மென்ட், மெடிக்கல் ஷாப் பில்லிங், ஃபீஸ் கலெக்‌ஷன். வெப், மொபைல், ஏஐ என்று எல்லாரும் பேசினாலும், சி ஷார்ப்பில் விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப் பண்ற டீம் வருஷா வருஷம் இருந்துகிட்டேதான் இருக்கு. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. மருந்துக்கடை கவுன்ட்டர், ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் என்று பல இடங்களில் இன்னிக்கும் ஓடுறது டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்தான். டாலி ஒண்ணு போதும் அதுக்கு சாட்சி.

என் பிரச்சினை வேற. இந்த ஆப்களில் வர்ற எரர்களை நாம தீர்க்கிறது இல்லை, வாயை அடைக்கிறோம். நெட்ல தேடுறோம், முதல்ல கிடைக்கிற ஒரு வரியைப் போடுறோம், சிவப்புக் கட்டம் மறைஞ்சதும் "சால்வ்டு மச்சான்" என்று அடுத்த ஃபார்முக்குப் போயிடுறோம். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாது. அந்த எரர் அங்கேயேதான் இருக்கும். நம்ம முன்னாடி கத்தாம, நாளைக்கு அந்த ஆப்பை நம்பி உட்கார்ந்திருக்கிறவர் முன்னாடி போய் வெடிக்கும். அவர்கிட்ட விஷுவல் ஸ்டூடியோ இருக்காது.

காலி கேட்ச்

இருக்கிறதிலேயே மோசமான 'தீர்வு' இதுதான். கோடு முழுக்க ட்ரை போட்டு, கேட்ச் பிளாக்கை காலியா விட்டுடறது. சேவ் பட்டனை அழுத்தினால் எரர் வராது. ஆனா டேட்டாபேஸில் எதுவும் சேவ் ஆகியிருக்காது. அதுக்குக் கீழேயே "சேவ்டு சக்சஸ்ஃபுலி" என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் வேற. இது எரர் ஹேண்ட்லிங் இல்லை, பொய் சொல்ற ஆப்.

கேட்ச் என்பது அந்த எரரை வெச்சு ஏதாவது செய்ய முடிஞ்சா மட்டும் போட வேண்டியது. ஃபைல் இல்லையா, வேற ஃபைல் கேளுங்க. நெட்வொர்க் போச்சா, மறுபடி ட்ரை பண்ணச் சொல்லுங்க. வேற என்ன எரரா இருந்தாலும் மேலே போகட்டும். மேலே ஒரே இடத்துல பிடிச்சு, முழு ஸ்டாக் ட்ரேஸையும் ஒரு லாக் ஃபைலில் எழுதி, யூசருக்கு "சேவ் ஆகலை" என்று உண்மையைச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு பிரச்சினைக்கும் எந்தக் கிளாஸ், எந்த மெத்தட் என்று கையில ஆதாரம் இருக்கும்.

"நாட் ரெஸ்பாண்டிங்"

ரிப்போர்ட் பட்டனை அழுத்தினதும் ஃபார்ம் வெள்ளையா மாறி, டைட்டில் பாரில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வரும். "சிஸ்டம் ஸ்லோ, ரேம் பத்தலை" என்று சொல்லிடுவோம். பெரும்பாலும் ரேமுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

விண்டோஸ் ஆப்பில் திரையைப் பார்த்துக்க ஒரே ஒரு த்ரெட் இருக்கு. மவுஸ் கிளிக், கீபோர்டு, திரும்ப வரையறது எல்லாம் மெசேஜா வரிசையில வரும், அந்த த்ரெட் ஒவ்வொண்ணா எடுத்து முடிக்கும். ஒரே ஆள் இருக்கிற டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி. அவரை நீங்க பத்தாயிரம் ரெக்கார்டு எடுத்துட்டு வர குடோனுக்கு அனுப்பிட்டீங்க. 5 செகண்டுக்கு மேல அவர் அடுத்த மெசேஜை எடுக்கலைன்னா, இந்த ஆப் தொங்கிடுச்சு என்று விண்டோஸ் முடிவு பண்ணுது. அவ்வளவுதான் விஷயம்.

இதுக்கு வழக்கமா போடுற ஒட்டு, லூப்புக்குள்ள 'டூ ஈவன்ட்ஸ்' என்று ஒரு வரி. ஃப்ரீஸ் ஆகாது, உண்மைதான். ஆனா வேலை நடுவுல இருக்கும்போதே அதே பட்டனை யூசர் இன்னொரு தடவை அழுத்த முடியும். அப்ப அதே மெத்தட் அதுக்குள்ளயே திரும்ப ஓட ஆரம்பிக்கும். ஒரே பில் ரெண்டு தடவை விழுந்தா யாரைக் கேக்கிறது?

அடுத்து, வேலையைத் தனி த்ரெட்டில் போடுவோம். உடனே "கிராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்" என்று எரர் வரும். கன்ட்ரோலை உருவாக்கின த்ரெட் தவிர வேற யாரும் அதைத் தொடக்கூடாது என்று விண்டோஸ் ஃபார்ம்ஸ் தெளிவா சொல்லுது. நாம என்ன பண்றோம்? 'செக் ஃபார் இல்லீகல் கிராஸ் த்ரெட் கால்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிடறோம். அந்தப் பேரையே ஒரு தடவை நிதானமா படிங்க. சட்டவிரோதமான வேலை நடக்குதான்னு பார்க்கிற காவலாளியை வீட்டுக்கு அனுப்புறோம். திருட்டு நிக்கலை, பார்க்கிற ஆள்தான் இல்லை. இன்னொரு விஷயம்: அந்த செக் டிஃபால்ட்டா டீபக்கர் ஓடும்போது மட்டும்தான் ஆன் ஆகும். அதாவது, லேபில் நமக்கு மட்டும் கிடைக்கிற எச்சரிக்கை அது. அதையும் நாமே அணைச்சுடறோம்.

சரியான வழி 2012-ல் சி ஷார்ப் 5 வந்ததிலிருந்தே கையில இருக்கு. பட்டன் ஈவன்ட்டை அசிங்க் ஆக்கி, டேட்டாபேஸ் வேலையை அவெய்ட் பண்ணுங்க. காத்திருக்கிற நேரத்துல திரை த்ரெட் ஃப்ரீயா இருக்கும், முடிஞ்சதும் அடுத்த வரி தானாவே திரை த்ரெட்டில் தொடரும். இன்வோக் எழுத வேண்டிய அவசியம்கூட பெரும்பாலும் வராது. நடுவுல அவசரப்பட்டு டாட் ரிசல்ட், டாட் வெய்ட் மட்டும் போட்டுடாதீங்க. திரை த்ரெட் வேலைக்காகக் காத்திருக்கும், வேலை திரை த்ரெட்டுக்காகக் காத்திருக்கும். ரெண்டும் அப்படியே நிக்க வேண்டியதுதான்.

"என் லேப்டாப்ல ஓடுதே!"

ரிவ்யூ அன்னிக்கு அதிகமா கேக்கிற டயலாக் இதுதான். ஓடாம என்ன, உங்க லேப்டாப்புக்காக மட்டும் எழுதினது ஆச்சே. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் சி டிரைவ், யூசர்ஸ், உங்க பேரு, டெஸ்க்டாப், நியூ ஃபோல்டர் 2 என்று முழுப் பாதையும் இருக்கும். இன்னொருத்தர் சிஸ்டமில் நீங்களும் இல்லை, நியூ ஃபோல்டர் 2-உம் இல்லை.

புரோகிராம் ஃபைல்ஸில் இன்ஸ்டால் பண்ணினதும் "ஆக்சஸ் டினைடு" வரும். உடனே "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க" என்போம். விஸ்டா காலத்திலிருந்து சாதாரண யூசர் அந்த ஃபோல்டரில் எழுதக்கூடாது என்பதுதான் விண்டோஸின் ஏற்பாடு. ஒரு பில்லிங் ஆப்புக்கு மொத்த சிஸ்டம் சாவியும் எதுக்கு? ஆப்பின் டேட்டாவுக்கு ஆப் டேட்டா என்றே ஒரு ஃபோல்டர் இருக்கு. அது எங்கே இருக்குன்னு என்விரான்மென்ட் கிளாஸைக் கேட்டால் அந்தந்த சிஸ்டமில் சரியான பாதையைச் சொல்லும்.

ஆக்சஸ் டேட்டாபேஸ் வெச்சு பண்றவங்களுக்கு இன்னொண்ணு தெரிஞ்சிருக்கும். "ஏஸ் ஓஎல்இடிபி 12.0 புரொவைடர் ரிஜிஸ்டர் ஆகலை" என்ற எரர். 64 பிட் புராசஸ் தனக்குள்ள 32 பிட் டிஎல்எல்லை லோடு பண்ணாது. சிஸ்டமில் இருக்கிற ஆபீஸ் 32 பிட், உங்க ஆப் 64 பிட் என்றால் இந்த எரர்தான் வரும். எக்ஸ்86-க்கு மாத்துன்னு நெட்ல சொன்னதைப் போட்டு ஓடிடுச்சுன்னா அதோட விட்டுடுவோம். ஏன் ஓடுச்சுன்னு தெரியாததால, 64 பிட் ஆபீஸ் இருக்கிற அடுத்த சிஸ்டமில் மறுபடி முழிப்போம். காரணம் தெரிஞ்சவங்க ஆப்பையும் டிரைவரையும் ஒரே பிட்டுக்குக் கொண்டு வருவாங்க. இல்லைன்னா, தனியா எதையும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லாத எஸ்க்யூலைட்டுக்கு மாறிடுவாங்க.

டேட்டா சேவ் ஆகுது, மறுநாள் காணோம் என்பது இன்னொரு புகார். பேயும் இல்லை, வைரஸும் இல்லை. டேட்டாபேஸ் ஃபைலை புராஜெக்ட்டில் சேர்த்து, அதுக்கு 'காப்பி ஆல்வேஸ்' என்று செட்டிங் இருந்தா, ஒவ்வொரு பில்டுக்கும் காலி ஃபைல் ஒண்ணு பின் ஃபோல்டருக்குப் போய் பழசு மேல உட்காரும். நேத்து போட்ட ரெக்கார்டு எல்லாம் அதோட போச்சு.

கத்தாத எரர்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஏதோ ஒரு விதத்துல கண்ணுல படும். நான் பயப்படறது கண்ணுல படாததுக்குத்தான்.

தேதியை எடுத்துக்குங்க. ஃபீஸ் கட்டின தேதியை டெக்ஸ்ட் பாக்ஸில் வாங்கி, அப்படியே டேட்டாக மாத்துறோம். விண்டோஸ் ரீஜன் அமெரிக்கா என்று இருக்கிற சிஸ்டமில் 13/04/2025 என்று அடிச்சா எரர் வரும், ஏன்னா 13-வது மாசம் கிடையாது. இது நல்ல எரர். ஆனா 05/04/2025 என்று அடிச்சா எரரே வராது. ஏப்ரல் 5 சத்தமில்லாம மே 4 ஆயிடும். ஒரு பையன் டைமுக்குக் கட்டின ஃபீஸ், லேட் என்று ஃபைனோட நிக்கும். முதல் எரருக்கு பயந்து அதைச் சுத்தி ஒரு காலி கேட்ச் போட்டிருந்தீங்கன்னா, இருந்த ஒரே துப்பும் போச்சு. டேட் டைம் பிக்கர் வைங்க, தேதியைத் தேதியாவே டேட்டாபேஸுக்கு அனுப்புங்க, நடுவுல ஸ்ட்ரிங் ஆக்காதீங்க.

அடுத்து நம்ம மொழி. எஸ்க்யூஎல் சர்வரில் பேரைத் தமிழில் சேவ் பண்ணினா கேள்விக்குறியா வருது, அதனால "விண்டோஸ் ஆப்ல தமிழ் சப்போர்ட் இல்லை, இங்கிலீஷ்ல மட்டும் என்ட்ரி போடுங்க" என்று முடிச்சுடறாங்க. விண்டோஸ் 2000-லேயே லதா ஃபான்ட்டோட தமிழ் வந்தாச்சு. குறை விண்டோஸில் இல்லை. முருகன் என்ற நாலு எழுத்துக்கு ஏழு கேள்விக்குறி வந்திருக்கும், எண்ணிப் பாருங்க. யூனிகோடில் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி குறியீடு, அதனால ஏழு. அந்த எண்ணிக்கையே துப்பு: ஆப் சரியாத்தான் ஏழையும் அனுப்பியிருக்கு, வாங்கின இடத்துலதான் கோளாறு. காலம் வார்கேராக இருந்திருக்கும், இல்லைன்னா குவெரியில் மேற்கோளுக்கு முன்னாடி என் போட விட்டுப்போயிருக்கும். காலத்தை என்வார்கேர் ஆக்கி, மதிப்பை பாராமீட்டரா அனுப்பினா முருகன் முருகனாவே இருப்பார்.

பாராமீட்டர் என்றதும் இன்னொண்ணு. தூத்துக்குடிப் பக்கம் டி'குரூஸ், டி'சூசா என்று பேர் உள்ளவங்க நிறைய. அவங்க பேரை இங்கிலீஷில் என்ட்ரி போட்டால், ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டி எழுதின குவெரி உடைஞ்சுடும். நடுவுல இருக்கிற அந்தக் குறியை எஸ்க்யூஎல் ஸ்ட்ரிங்கின் முடிவு என்று எடுத்துக்கும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் நுழையறதும் இதே ஓட்டை வழியாத்தான். ஒட்டு என்ன? அந்தக் குறியை டைப் பண்ண விடாம டெக்ஸ்ட் பாக்ஸிலேயே தடுக்கிறது. நம்ம கோடு சரியில்லைன்னு ஒருத்தரைப் பேரை மாத்திக்கச் சொல்றோம். தமிழ்ப் பேரை இங்கிலீஷில் போடச் சொல்றதும் இதே கதைதான்.

டைம் இல்லையே?

இதைச் சொன்னா வர்ற பதில் தெரியும். "நாளைக்கு ரிவ்யூ, இப்ப போய் த்ரெட் படிக்கச் சொல்றியா? அவுட்புட் வந்தா மார்க்." நியாயம்தான், முழுசா மறுக்க மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒட்டுப் போடறது தப்பில்லை. ஆனா அது ஒட்டுன்னு ஒரு கமென்ட் எழுதி வைங்க, ரிவ்யூ முடிஞ்சதும் திரும்பி வாங்க. தெரிஞ்சே போட்ட ஒட்டு கடன் மாதிரி, அடைச்சுடலாம். தீர்வுன்னு நம்பிப் போட்ட ஒட்டு அப்படி இல்லை.

சாட்ஜிபிடியில் எரரை பேஸ்ட் பண்றதும் தப்பில்லை. எனக்கும் அது இல்லாம முடியாது. "ஃபிக்ஸ் திஸ்" என்று மட்டும் கேக்காம, "இது ஏன் வருது, இந்த ஃபிக்ஸ் எதை மாத்துது, எந்த சிஸ்டமில் மறுபடி உடையும்" என்று சேர்த்துக் கேளுங்க. இந்தக் கேள்விக்கு பதில் தெரியாத ஒரு வரியையும் உங்க கோடில் விடாதீங்க. இன்டர்வியூவில் "புராஜெக்ட்ல நீங்க பார்த்த கஷ்டமான பக் எது?" என்று கேட்டால் சொல்றதுக்கு அப்பதான் ஏதாவது இருக்கும்.

டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு கோரிக்கை. ரிவ்யூவை டீமோட சொந்த லேப்டாப்பில் வைக்காதீங்க. விஷுவல் ஸ்டூடியோ இல்லாத, ரீஜன் மாத்தி வெச்ச ஒரு லேப் சிஸ்டமில், சாதாரண யூசர் லாகினில் எக்ஸீயை ஓட்டச் சொல்லுங்க. ஆப் விழுந்தால் மார்க்கைக் குறைக்காதீங்க. ஏன் விழுந்ததுன்னு அந்த இடத்திலேயே கண்டுபிடிச்சா மார்க் குடுங்க. எத்தனை ஃபார்ம் இருக்குன்னு எண்ணி மார்க் போடறதை விட, ஒரு டீமுக்கு என்ன தெரியும்னு இதுல நல்லா தெரியும்.

அது வரைக்கும் நாமளே பண்ணலாம். இன்னிக்கு உங்க புராஜெக்ட்டைத் திறந்து, காலியா இருக்கிற கேட்ச் பிளாக் எத்தனைன்னு ஒரு தடவை சர்ச் பண்ணிப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் லாக் எழுதுற ஒரு வரியைப் போட்டு, எக்ஸீயை ரூம்மேட் லேப்டாப்பில் ஓட்டுங்க. அந்த லாக் ஃபைலில் வர்ற முதல் எரரிலிருந்து ஆரம்பிங்க.