இவருக்குப் பதில் இவர்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. செமஸ்டர், ரெக்கார்டு, அப்புறம் சோம்பேறித்தனம். வழக்கம்போல மூணாவதுதான் முக்கியக் காரணம்.

போன வாரம் எங்க காலேஜ் பக்கத்து பேக்கரியில ஒரு பெரிய சண்டை. (வெளியூர் நண்பர்களுக்காக: கோயமுத்தூர்ல டீக்கடைக்குப் பேர் பேக்கரி. தேங்காய் பன்னும் டீயும் வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க.) சண்டைக்குக் காரணம் காசு இல்லை, பொண்ணு இல்லை, ஜேம்ஸ் பாண்ட். டேனியல் கிரெய்க்குக்கு அப்புறம் யார் வரணும்?

2021ல வந்த 'நோ டைம் டு டை' படத்தோட கிரெய்க் விடைபெற்றார். கதையிலேயே பாண்டைக் கொன்னுட்டாங்க. செத்த ஆளுக்கு வாரிசு தேடுறதுல நம்ம பசங்களுக்கு இருக்கிற அக்கறையை இன்டர்னல் மார்க்ல காட்டியிருந்தா நாங்க எல்லாரும் டிஸ்டிங்ஷன். ஒருத்தன் ஹென்றி கேவில்ங்கிறான். இன்னொருத்தன் ஆரன் டெய்லர் ஜான்சன். "கிரெய்க் இல்லேன்னா நான் பார்க்கவே மாட்டேன்"னு சபதம் போட்டான் மூணாமவன். அவன் பாண்ட் படம் பார்த்ததே ரெண்டுதான், அதுவும் டிவியில, தமிழ்ல.

இந்த சபதத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா 2005 அக்டோபர்ல இதே கிரெய்க்கை அறிவிச்சப்போ ரசிகர்கள் போட்ட சபதம் இதேதான். முடி பொன்னிறமா இருக்கு, உயரம் பத்தலை, முகம் அடியாள் மாதிரி இருக்குன்னு புகார். அறிமுக விழாவுக்கு தேம்ஸ் நதியில படகுல வந்தப்போ லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்னு அதுக்கும் கிண்டல். படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி இணையத்துல தனிக் கடையே திறந்தாங்க. அப்புறம் 2006ல 'கேசினோ ராயல்' வந்துச்சு. அதுக்கு முந்தின பாண்ட் படம் உலகம் முழுக்க வசூலிச்சது சுமார் 43 கோடி டாலர், இது சுமார் 60 கோடி. 2012ல 'ஸ்கைஃபால்' 100 கோடி டாலரைத் தாண்டிச்சு. இப்ப அதே ஆள்தான் "அவர் இல்லேன்னா பாண்டே இல்லை".

கொஞ்சம் பின்னாடி போனா இன்னும் வேடிக்கை. 1962ல வந்த முதல் படத்துக்கு ஷான் கானரியைத் தேர்ந்தெடுத்தப்போ, அவரைப் பிடிக்காத முதல் ஆளே பாண்டை எழுதின இயன் ஃப்ளெமிங்தான். எடின்பரோவில வீடு வீடா பால் ஊத்தின ஸ்காட்லாந்துக்காரர் எப்படி என் கனவான் உளவாளி ஆவார்னு அவருக்குச் சந்தேகம். படம் பார்த்த பிறகு மனசு மாறி, அப்புறம் எழுதின நாவல்ல பாண்டுக்கு ஒரு ஸ்காட்லாந்து அப்பாவையே உருவாக்கிட்டார். அதாவது நடிகருக்காகக் கதாபாத்திரத்தோட ஜாதகத்தையே திருத்தி எழுதியிருக்கார் மனுஷன்.

பாவம் ஜார்ஜ் லேசன்பி. ஆஸ்திரேலியா மாடல், 1969ல ஒரே ஒரு படம், அதோட சரி. அடுத்த படத்துக்குக் கானரியையே மறுபடி கூட்டிட்டு வந்தாங்க. பல வருஷம் அந்தப் பேரே ஒரு ஜோக்கா இருந்துச்சு. ஆனா அந்தப் படத்தைத்தான் இன்னிக்கு நிறைய பேர் வரிசையிலேயே நல்ல படங்கள்ல ஒண்ணுன்னு சொல்றாங்க. கிறிஸ்டோபர் நோலனுக்குப் பிடிச்ச பாண்ட் படமும் அதுதான். கிரெய்க்கோட கடைசிப் படத்துல ஒலிக்கிற பழைய பாட்டும் லேசன்பி படத்துல வந்ததுதான். ரோஜர் மூர் 45 வயசுல உள்ளே வந்தார், கானரியை விட வயசுல மூத்தவர். அவரோட 'ஆக்டோபுஸ்ஸி'யில (1983) நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் உதய்பூர்த் தெருவில ஆட்டோ ஓட்டி, டென்னிஸ் மட்டையால அடியாளுங்களை அடிப்பார். டால்டன், பிராஸ்னன் கதையெல்லாம் எழுதினா இது பதிவு இல்லை, புத்தகமாயிடும். மொத்தம் 25 படம், 6 பேர். ஒவ்வொரு தடவையும் இதே அழுகை.

அது வெள்ளைக்காரன் விஷயம், நமக்கென்னன்னு கேட்கலாம். எங்க அப்பிச்சியும் அதைத்தான் கேட்டார். (அம்மாவோட அப்பா. சேலம் பக்கம்.)

"ஏனுங் அப்பிச்சி, ஜேம்ஸ் பாண்ட் படமெல்லாம் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன கண்ணு. நம்ம ஜெய்சங்கரு படந்தானே."

"அவர் இல்லீங் அப்பிச்சி, இங்கிலீஷ்காரன்."

"அவனெல்லாம் எனக்குத் தெரியாது. ஜெய்சங்கரு கோட்டு போட்டுட்டு வந்தா அதுதான் ஜேம்ஸ் பாண்டு."

அப்பிச்சி சொன்னதுல ஒரு சரித்திரம் இருக்கு. தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்னு ஜெய்சங்கருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த படங்கள்ல முக்கியமானவை உருவானது சென்னையில இல்லை, நம்ம சேலத்துல, ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ்ல. (இன்னிக்கு அந்த ஸ்டுடியோ இல்லை, முகப்பு வளைவு மட்டும் நிக்குது.) 1966ல 'வல்லவன் ஒருவன்', 1970ல 'சி.ஐ.டி. சங்கர்', ரெண்டும் ஆர். சுந்தரம் இயக்கினது. இதுல 'வல்லவன் ஒருவன்' 1964ல வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தோட தழுவல். அதோட நாயகன் ஓ.எஸ்.எஸ். 117ங்கிற உளவாளி. ழான் புரூஸ்ங்கிறவர் 1949லேயே எழுத ஆரம்பிச்ச பாத்திரம், அதாவது ஜேம்ஸ் பாண்டுக்கே அண்ணன். அந்த வரிசையிலயும் கெர்வின் மேத்யூஸ், ஃபிரடெரிக் ஸ்டாஃபோர்ட், ஜான் கேவின்னு ஆள் மாத்திக்கிட்டே இருந்தாங்க. 2006ல ழான் துஜார்தானை வெச்சு அதையே காமெடியா எடுத்து ஹிட்டும் ஆக்கிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. பாங்காக்ல திரிஞ்ச பிரெஞ்சுக் கதை உளவாளிக்குப் பதிலா ஏற்காடு அடிவாரத்துல நம்ம ஜெய்சங்கர். எங்க அப்பிச்சியோட ஒரிஜினல் ஜேம்ஸ் பாண்டே ஒரு வகையில 'இவருக்குப் பதில் இவர்'தான்! இதை அவர்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆனா அதோட நம்ம ஊர் வண்டி நின்னுடுச்சு. சி.ஐ.டி. சங்கரா வேற யாரும் வரலை. வரவும் முடியாது. படத்தோட பேர்லயே நடிகர் இருக்காரே! ஜெய்சங்கரோட இயற்பேரே சங்கர்தான். வெளிநாட்டுல பாத்திரம்ங்கிறது ஒரு கோட்டு, யார் வேணும்னாலும் அளவெடுத்துப் போட்டுக்கலாம். நம்ம ஊர்ல அது தோல் மாதிரி, கழட்டவே முடியாது. கமல் 1986ல 'விக்ரம்' படத்துல ஏஜென்ட் விக்ரமா வந்தார், சுஜாதா எழுத்து. அந்த ஏஜென்ட் திரும்ப வர 36 வருஷம் ஆச்சு. 2022ல நம்ம கிணத்துக்கடவு லோகேஷ் கனகராஜ் கூட்டிட்டு வந்தப்பவும் வந்தது அதே கமல்தான், நரைச்ச தாடியோட. நானும் முதல் நாள் பார்த்து விசில் அடிச்சவன், குறை சொல்லலை. ஆனா அந்த ஏஜென்டா வேற ஒரு நடிகர் வந்திருந்தா நாங்க தியேட்டரை விட்டு வெச்சிருப்போமா?

விதிவிலக்கு 'பில்லா'. 1980ல ரஜினி, 2007ல அஜித். கோட்டும் கூலிங் கிளாஸுமா அஜித் நடந்து வந்தப்போ தல ரசிகர்களைத் தவிர மத்தவங்களும் ஏத்துக்கிட்டாங்க. நடுவுல 27 வருஷம் போனதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். முதல் பில்லாவைத் தியேட்டர்ல பார்த்தவங்க அதுக்குள்ள அப்பா ஆயிட்டாங்க, சண்டை போட நேரமில்லை. இந்தியில கதையே வேற. 'டான்' அமிதாப்புது (1978). 2006ல ஷாருக் வந்தார். 2023 ஆகஸ்ட்ல 'டான் 3'க்கு ரன்வீர் சிங்னு அறிவிச்சாங்க, உடனே ஷாருக் இல்லாம டானான்னு கொந்தளிச்சாங்க. ஐயா, ஷாருக்கே ஒருத்தருக்குப் பதிலா வந்தவர்தானே!

இந்த விஷயத்துல தமிழ்நாட்டுலயே பக்குவமான ரசிகர் எங்க அம்மா. சாயங்காலம் சீரியல் ஓடும். திடீர்னு ஒரு நாள் திரையில 'இவருக்குப் பதில் இவர்'னு கார்டு. நேத்து வரைக்கும் அழுத மருமக முகம் வேற, இன்னிக்கு வேற. அம்மா ஒரு நிமிஷம் பார்ப்பாங்க. "இவ கொஞ்சம் குள்ளம்"பாங்க. அவ்வளவுதான். மூணாம் நாள் புதுசா வந்தவளுக்காக மாமியாரைத் திட்டிட்டு இருப்பாங்க. பாண்ட் ரசிகர்களுக்கு எங்க வீட்டு ஹால்ல ஒரு வாரம் பயிற்சி கொடுக்கலாம்.

சரி, நான் படிக்கிற பி.காமையும் கொஞ்சம் நுழைச்சுக்கிறேன். கூட்டாண்மைக் கணக்குல ஒரு கூட்டாளி விலகினா நிறுவனம் மூடிடாது. குட்வில்லை மதிப்பிட்டு, அவர் பங்கைக் கொடுத்து அனுப்பிட்டு, மறுநாள் கடையைத் திறப்பாங்க. பாண்ட் படத்துல எல்லாரும் முகத்தையே பார்க்கிறாங்க, கூட்டாளிகளை யாரும் பார்க்கிறதில்லை. 1961ல பிராக்கோலி, சால்ட்ஸ்மேன்னு ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச வியாபாரம் இது. 1975ல சால்ட்ஸ்மேன் தன் பங்கை வித்துட்டு விலகினார். பிராக்கோலி குடும்பம் மட்டும் விடலை, மகள் பார்பராவும் அவங்க அண்ணன் மைக்கேல் வில்சனும் 2025 வரைக்கும் கையிலேயே வெச்சிருந்தாங்க. அந்த வருஷம் பிப்ரவரியில படைப்புப் பொறுப்பு முழுக்க அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போச்சு. கிரெய்க்கைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் குடும்பம்தான், ஊரே திட்டினப்பவும் மாத்தாம நின்னாங்க. இனிமே அப்படி நிக்க யார் இருக்காங்கன்னுதான் எனக்குக் கவலை. ஜூன்ல டெனி வில்னெவ் இயக்குறார்னு சொன்னாங்க, அதுல கொஞ்சம் ஆறுதல். முகத்துக்கு அவ்வளவு அடிச்சுக்கிட்ட எங்க பேக்கரியில இந்த முதலாளி மாற்றத்தைப் பத்தி ஒருத்தனும் வாயைத் திறக்கலை.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் எழுதினது சும்மா சுத்தி வளைச்சதுதான்.

சண்டை நடுவுல யாரோ இட்ரிஸ் எல்பா பேரை எடுத்தான். வருஷக்கணக்கா அடிபட்ட பேர்தான் அது. லண்டன்ல பிறந்த நல்ல நடிகர், கருப்பினத்தவர். அந்தப் பேச்சு நடிப்பை விட்டுட்டு நிறத்தைப் பத்தினதா மாறினது தன்னைச் சோர்வாக்கிடுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். எங்க டேபிள்லயும் அதேதான். "டேய், பாண்டுன்னா ஒரு கலர் வேண்டாமாடா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். கோயமுத்தூர் வெயில்ல வெந்து போன ஆறு பேர் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டு உளவாளிக்கு ஃபேர்னஸ் கிரீம் சிபாரிசு பண்ணிட்டு இருந்தோம்.

ஒருத்தன் மட்டும் சிரிக்கலை. டீ கிளாஸை உருட்டிக்கிட்டே இருந்தான். எனக்கு ஏன்னு தெரியும்.

முதல் வருஷம் டிபார்ட்மென்ட் விழாவுக்கு ஒரு ஸ்கிட் போட்டோம். கோட்டு போட்ட சி.ஐ.டி. ஒருத்தர் கேன்டீன் வடை திருடனைப் பிடிக்கிற கதை. சி.ஐ.டி. அவன்தான். ரெண்டு வாரம் ஒத்திகை பார்த்தான், ஒவ்வொரு வசனத்துக்கும் நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம். விழாவுக்கு மூணு நாள் முன்னாடி சீனியர் ஒருத்தர் வந்து பார்த்தார். "நல்லா பண்றான், ஆனா ஹீரோ லுக் இல்லையே. அவனைத் திருடனாப் போடுங்க"ன்னார். காரணத்தை யாரும் உடைச்சுச் சொல்லலை, எல்லாருக்கும் புரிஞ்சுது. அவனுக்குப் பதிலா சி.ஐ.டி.யா நின்னது, கொஞ்சம் வெளுப்பா இருந்ததைத் தவிர வேற தகுதி இல்லாத நான். வசனம் மறந்து ரெண்டு இடத்துல முழிச்சேன். அவன் திருடனா வந்து கைத்தட்டு வாங்கினான். அதனால எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் மூணு வருஷமா எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆளை மாத்துறதை நான் எதிர்க்கலை. புது ஆள் வரட்டும், கோட்டு யாருக்குப் பொருந்துதோ போடட்டும். நடிச்சு முடிச்ச பிறகு பிடிக்கலேன்னா திட்டலாம், அது டிக்கெட் வாங்கினவன் உரிமை. நடிக்கிறதுக்கு முன்னாடியே முடி கலரையும் தோல் கலரையும் பார்த்து 'செட் ஆகாது'ன்னு சொல்றது விமர்சனம் இல்லை. கிரெய்க்கோட தலைமுடிக்காவது ஊர் மன்னிப்பு கேட்டாச்சு. எங்க ஸ்கிட்டுக்கு யாரும் கேட்கலை.

சண்டை முடிஞ்சு எல்லாரும் பஸ்ஸுக்குப் போனப்புறம் அவன்கிட்ட, "அன்னிக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்டா"ன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துட்டு இருந்தான்.

"சொல்லியிருக்கலாம்"னான். அப்புறம், "நீ சி.ஐ.டி.யா நின்னது உன்னை விட எனக்குத்தான்டா கேவலமா இருந்துச்சு, ஒரு வசனம் ஒழுங்கா வரலை"ன்னான்.

ரெண்டு பேரும் சிரிச்சோம். அடுத்த பாண்ட் படம் வந்தா முதல் நாள் ரெண்டு டிக்கெட் என் செலவு, இடைவேளை பப்ஸோட. யார் நடிச்சாலும் சரின்னு பேச்சு.